பழைய பாஸ்டன் வேலர் ஒன்றைக் குடும்பப் படகாக மீட்டெடுப்பது எப்படி?

ஒன்ராறியோவின் ஏரிக்கரை ஊர்களில் வசந்தம் பிறந்ததும் வீட்டு வாசல்களில் பழைய விசைப்படகுகள் விற்பனைக்கு வந்து நிற்கும். தார்ப்பாய் கிழிந்து, உள்ளே மேப்பிள் இலைகள் மக்கி, எஞ்சின் மூடி வெளிறிப் போயிருக்கும். விலையோ கேட்ட மாத்திரத்திலேயே ஆசையைக் கிளப்பும். இவ்வாறு கைவிடப்பட்ட படகு ஒன்றை வாங்கி, பிள்ளைகளையும் பெற்றோரையும் ஏற்றிச் செல்லத்தக்க நிலைக்குக் கொண்டுவர விரும்பும், இதற்கு முன் படகு வேலை எதுவும் செய்திராத ஒருவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். காட்சிக்கு வைக்கும் படகைச் செப்பனிடுவது வேறு. குடும்பத்தை ஏற்றிச் சென்று மாலையில் பத்திரமாகக் கரை சேர்க்கும் படகைச் செப்பனிடுவது வேறு. இரண்டாவதில் வர்ணப்பூச்சு கடைசி வேலை. நீர் எங்கே புகுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது முதல் வேலை.

எல்லா வகைப் படகுகளையும் ஒரே கட்டுரையில் அடக்க முடியாது என்பதால், நான் நன்கறிந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். 1958ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் டிக் ஃபிஷர் என்பவர், ரே ஹன்ட் என்ற படகு வடிவமைப்பாளரின் துணையோடு 13 அடி நீளமுள்ள பாஸ்டன் வேலரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஃபைபர்கிளாஸில் வார்த்த இரண்டு ஓடுகளுக்கு இடையே பாலியூரிதேன் நுரையைத் திரவமாக ஊற்ற, அது பொங்கி இடைவெளியை நிரப்பி இரண்டு ஓடுகளையும் ஒரே உடலாகப் பிணைத்துவிடும். அப்படகை நடுவே அறுத்தாலும் மூழ்காது என்பதை 1961ல் லைஃப் இதழில் வந்த படங்கள் ஊருக்கே காட்டின. பின்னர் வந்த 16 அடி 7 அங்குல உடலே சிறு குடும்பத்துக்கு ஏற்றது. மான்டாக், நாசெட், சகோனெட் என்று உட்புற அமைப்புக்கேற்பப் பெயர் மாறினாலும் உடல் ஒன்றுதான். இன்றும் விற்பனைக்கு எளிதாகக் கிடைப்பதும், உதிரிப் பாகங்களுக்குப் பஞ்சமில்லாததும் இவ்வகையின் சாதகங்கள்.

ஒரு குறையையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அடிப்பாகம் ஏறக்குறையத் தட்டையானது. நிற்கும்போது அசையாது, பிள்ளைகள் ஒரே பக்கம் கூடினாலும் சாயாது. ஆனால் ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில் பிற்பகல் காற்றில் எழும் குட்டையான, நெருக்கமான அலைகளில் வேகமாக ஓட்டினால் முதுகெலும்பு வரை அடி விழும். முதுகுவலி உள்ள மாமனாரை முன்பக்கத்தில் உட்காரவைக்கும் எண்ணம் இருந்தால், இந்தப் படகு உங்களுக்கானதன்று.

வாங்குமுன்: படகு எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது?

நான் படகு வாங்கப் போகிறேன் என்றதும், பருத்தித்துறைக் கடலில் இளமையைக் கழித்த என் பெரியப்பா, விலையையும் எஞ்சினையும் பற்றி எதுவும் கேட்கவில்லை. “தம்பி, வள்ளம் தண்ணி குடிச்சிருக்கோ எண்டு பாத்தனியோ?” என்றுதான் கேட்டார். அவர் ஓட்டியது மரவள்ளம். இருந்தாலும் நுரை நிரப்பிய ஃபைபர்கிளாஸ் படகுக்கு அந்தக் கேள்வி இன்னும் அதிகமாகவே பொருந்தும். மரவள்ளம் குடித்த நீரை வெயிலில் விட்டுவிடும். இரண்டு ஓடுகளுக்கு நடுவே அடைபட்ட நீருக்கு வெளியேற வழியில்லை.

படத்தைப் பார்த்தோ தட்டிப் பார்த்தோ இதை அறிய முடியாது. எடை போட்டே அறிய வேண்டும். பழைய இரும்புக் கடை, மணல் யார்டு போன்ற இடங்களில் வண்டி எடை மேடைகள் இருக்கும்; சிறு கட்டணத்துக்கு எடைபோட்டுத் தருவார்கள். விற்பவர் சம்மதித்தால் படகை டிரெய்லரோடு கொண்டுபோய் நிறுக்க வேண்டும். பிறகு டிரெய்லர், எஞ்சின், எரிபொருள், பேட்டரி, இருக்கைகள் ஆகியவற்றின் எடையைக் கழிக்க வேண்டும். 16 அடி 7 அங்குல உடல் மட்டும் சுமார் 900 இறாத்தல் (பவுண்டு) இருக்கும். நான் முதலில் பார்த்த படகின் கணக்கு இது: மேடையில் மொத்தம் 2,340, டிரெய்லர் 640, எஞ்சின் 300, மற்ற சாமான்களுக்குத் தாராளமாக 200. மீதி 1,200. அதாவது 300 இறாத்தல் அதிகம். ஏறக்குறைய 136 லிட்டர் தண்ணீர். கண்ணுக்குத் தெரியாத இரண்டு பெரியவர்கள் எந்நேரமும் படகில் ஏறியிருப்பதற்குச் சமம். வெளிப்பூச்சு பளபளவென்று இருந்தும் அதை விட்டுவந்தேன். இரண்டாவதாகப் பார்த்தது அழுக்கடைந்து, கைப்பிடிக் கம்பிகள் வளைந்து கிடந்தது. அதிக எடை 60 இறாத்தலுக்குள் அடங்கியதால் அதையே வாங்கினேன்.

தண்ணீர் இருந்தால் என்ன, மூழ்காத படகுதானே என்று விற்பவர்கள் சொல்வார்கள். கனடாவின் குளிரில் அந்த நீர் உறைகிறது. உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 விழுக்காடு பெருகுகிறது. ஒவ்வொரு பனிக்காலமும் நுரையின் சிறு அறைகளை உடைத்து, ஓட்டிலிருந்து நுரையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்துவிடும். ஓடும் நுரையும் பிரிந்த இடத்தில் படகின் வலிமையே போய்விடுகிறது, ஏனெனில் மெல்லிய ஓடுகளுக்கு விறைப்பைத் தருவது அவற்றின் நடுவே ஒட்டியிருக்கும் நுரைதான்.

எடையில் தேறிய படகை அடுத்துத் தட்டிப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் உட்தரை முழுவதும் சாணுக்கு ஒரு தட்டு வீதம் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் ‘டக்’ என்று கூர்மையாக ஒலிக்கும். பிரிந்த இடம் பறங்கிக்காயைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலிக்கும். அவ்விடங்களைப் பென்சிலால் வட்டமிட்டால், எல்லா வட்டங்களும் ஏதேனும் ஒரு திருகாணித் துளையையோ வடிகாலையோ சுற்றி அமைந்திருப்பதைக் காண்பீர்கள்.

அதன்பின் எஞ்சின் தொங்கும் பின்பலகை. அதனுள் பிளைவுட் இருக்கிறது. எஞ்சினின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டும்போது ஒருவர் பின்பலகையின் மேல்விளிம்பைக் கவனிக்க வேண்டும். விளிம்பு வளைந்து கொடுத்தாலோ, மூலைகளில் விரல் தடிப்புக்கு வெடிப்பு தெரிந்தாலோ மரம் மக்கியிருக்க வாய்ப்பு உண்டு. ஐயம் தீர, உட்பக்கத்திலிருந்து மெல்லிய துளை ஒன்று போட்டுத் துருவலைப் பார்ப்பதே வழி: வெளிர்நிறத்தில் உலர்ந்து சுருண்டு வந்தால் நல்ல மரம், காப்பித்தூள் நிறத்தில் ஈரமாக வந்தால் மக்கிய மரம். விற்பவரின் அனுமதியோடு செய்ய வேண்டும் என்பதையும், போட்ட துளையை எபாக்சியால் (இரு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின்) அடைத்துவிட வேண்டும் என்பதையும் சொல்லத் தேவையில்லை.

காகிதங்களில் சோம்பல் கூடாது. படகு, டிரெய்லர் இரண்டுக்கும் தனித்தனி உரிமை ஆவணம் வேண்டும். கனடாவில் 10 குதிரைச்சக்தி அல்லது அதற்கு மேற்பட்ட எஞ்சின் உள்ள படகுக்கு உரிம எண் அவசியம்; அது படகின் இரண்டு பக்கமும் குறைந்தது 7.5 சென்டிமீட்டர் உயர எழுத்தில் இருக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் படகை அடகுவைத்துக் கடன் பெற்றிருக்கிறாரா என்பதையும் மாகாணப் பதிவேட்டில் தேடிப் பார்த்துவிடுவது நல்லது. ஓட்டுபவரிடம் இன்பப்படகு ஓட்டுநர் அட்டை இருக்க வேண்டும். ஒருமுறை தேர்வெழுதிப் பெற்றால் அது ஆயுள் முழுதும் செல்லும். வாங்கும் வாரத்திலேயே அதையும் எழுதிவிடுங்கள், ஏனெனில் படகு வேலை தொடங்கிவிட்டால் வேறெதற்கும் நேரம் கிடைக்காது.

கழற்றுதல்

கழற்றத் தொடங்குமுன் கைப்பேசியில் நூறு படமாவது எடுக்க வேண்டும். ஒவ்வொரு வயரும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, கைப்பிடிக் கம்பியின் எந்தக் கால் எந்தத் துளையில் இருந்தது என்பவை ஆறு மாதம் கழித்து நினைவில் இருக்காது. கழற்றிய திருகாணிகளை இடம்வாரியாகத் தனித்தனி உறைகளில் போட்டுப் பெயரெழுதி வைக்க வேண்டும்.

இவ்வகைப் படகில் புதியவர் தெரிந்துகொள்ள வேண்டிய நுட்பம் ஒன்று இங்கே இருக்கிறது. நுரையில் திருகாணி பிடிக்காது. ஆகவே இருக்கை, ஓட்டும் மேசை, கைப்பிடிக் கம்பி ஆகியவை வரும் இடங்களில் மட்டும் தொழிற்சாலையிலேயே தரைக்கடியில் மரக்கட்டைகள் பதித்திருப்பார்கள். இது தெரியாத பழைய உரிமையாளர்கள் தோன்றிய இடத்திலெல்லாம் மீன்தூண்டில் தாங்கியையும் கோப்பைத் தாங்கியையும் திருகியிருப்பார்கள். அவை ஆடி ஆடித் துளை பெரிதாகி, ஒவ்வொரு துளையும் நீர் இறங்கும் வாயாகியிருக்கும். என் படகின் தரையில் மட்டும் 71 துளைகளை எண்ணினேன். எந்த மாதிரிக்கு எங்கே மரக்கட்டை இருக்கிறது என்று காட்டும் தொழிற்சாலை வரைபடங்கள் உண்டு; அவற்றைத் தேடிப் பெறாமல் புதிதாக ஒரு துளைகூடப் போடக் கூடாது.

உலர்த்துதலும் வடிகால் குழாய்களும்

படகின் முன்புறத்தை எங்கள் ஊரில் அணியம் என்பார்கள். அணியம் நன்றாக உயர்ந்து நிற்கும்படி டிரெய்லரை முட்டுக்கொடுத்து நிறுத்தி, எல்லாத் தக்கைகளையும் பிடுங்கிவிட்டு, கோடை முழுவதும் கூரைக்கடியில் விட வேண்டும். பறங்கிக்காய் ஒலி கேட்ட இடங்களில் உட்தரையில் சிறு துளைகளிட்டு, ஈரம் உறிஞ்சும் மின்கருவி ஒன்றை உள்ளே வைத்து மேலே பிளாஸ்டிக் தாளால் மூடினால் வேலை விரைவாகும். விரைவாகும் என்றால் வாரக்கணக்கு, நாட்கணக்கு அன்று. முழுவதும் ஊறிப்போன நுரையை இந்த முறையால் உலர்த்திவிட முடியும் என்று நம்பி ஏமாற வேண்டாம். ஊறிய பகுதி சிறிதாக இருந்தால் அந்த இடத்தின் உட்தரையை வெட்டியெடுத்து, நுரையைச் சுரண்டி எறிந்து, புதிய நுரையூற்றி மூடலாம். பாதிப் படகு ஊறியிருந்தால் உங்கள் உழைப்புக்கு வேறொரு படகு தகுதியானது.

நீர் எப்படி இறங்கியது என்று தேடினால் பெரும்பாலும் பித்தளையில் வந்து நிற்கும். உட்தரையிலிருந்து வெளியே நீர் வடிய, இரண்டு ஓடுகளையும் நுரையையும் ஊடுருவி, ஓர் அங்குல விட்டமுள்ள மெல்லிய பித்தளைக் குழாய்கள் செல்கின்றன. ஆண்டுகள் போகப் போகப் பித்தளை அரித்துப்போகும். வெளியே தெரியும் விளிம்பு நன்றாகவே இருக்கும். நடுவில் ஊசிமுனைத் துளைகள் விழுந்திருக்கும். நான் கழற்றிய குழாய் ஒன்றை வெயிலில் தூக்கிப் பிடித்தபோது சல்லடைபோல் வெளிச்சம் தெரிந்தது. அந்தக் குழாய் நாற்பது ஆண்டுகளாக நீரை வெளியேற்றியதோடு, கொஞ்சத்தை நுரைக்கும் ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

இக்குழாய்களை மாற்றுவது கடினமன்று. ஒரு சனிக்கிழமை போதும். பழைய குழாயின் ஒருபக்க விளிம்பைச் சிறு அரைப்பானால் அரைத்து நீக்கினால் மறுபக்கம் தட்டி எடுத்துவிடலாம். துளையின் உட்சுவரில் வெளிப்பட்டு நிற்கும் நுரையையும் மரத்தையும் நன்றாக உலரவிட்டு, மீது எபாக்சியை இரண்டு முறை பூச வேண்டும். இதைச் செய்துவிட்டால் எதிர்காலத்தில் குழாய் அரித்தாலும் நீர் நுரைக்குள் போகாது. பிறகு புதிய குழாயை ரப்பர் வளையத்தோடும் கடற்பயன்பாட்டுக்கான சீலன்ட்டோடும் செருகி, விளிம்பை மடக்கும் கருவியால் மெதுவாக விரித்து மடக்க வேண்டும். ஒரே மூச்சில் இறுக்கினால் பித்தளை கிழியும். கருவியை வாடகைக்குத் தருபவர்களும் உண்டு.

எபாக்சி வேலை

துளைகளை அடைப்பதற்கும் பின்பலகையைப் புதுப்பிப்பதற்கும் எபாக்சியையே பயன்படுத்துமாறு சொல்வேன்; மலிவான பாலியெஸ்டர் பிசின் பழைய பரப்பில் அந்த அளவுக்குப் பிடிப்பதில்லை. நான் பயன்படுத்தியது மிஷிகனின் கூஜன் பிரதர்ஸ் தயாரிக்கும் வெஸ்ட் சிஸ்டம். அதன் வழக்கமான கலவை ஐந்து பங்கு பிசினுக்கு ஒரு பங்கு இறுக்கி. கொஞ்சம் கூடுதலாக இறுக்கி சேர்த்தால் சீக்கிரம் இறுகும் என்று நினைப்பது புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. அளவு தவறினால் அது ஒருபோதும் முழுமையாக இறுகாமல் பிசுபிசுத்தே கிடக்கும்.

இன்னொரு பாடத்தை நான் கண்ணெதிரே கற்றேன். ஆழமான பிளாஸ்டிக் கோப்பையில் அரைக் கோப்பை கலந்துவைத்துவிட்டுத் தொலைபேசி அழைப்பொன்றுக்குப் பதில் சொல்லப் போனேன். திரும்பி வரும்போது கோப்பை உருகிச் சாய்ந்து, கலவை புகைந்துகொண்டிருந்தது. இறுகும்போது வெப்பம் வெளியாகிறது. குவியலாக இருந்தால் அந்த வெப்பம் தன்னையே மேலும் சூடாக்கும். ஆகவே சிறிது சிறிதாகக் கலந்து, உடனே அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிக்கொள்ள வேண்டும். கையுறையும், தேய்க்கும்போது தூசிமுகமூடியும் கட்டாயம்.

பயன்படாத துளை ஒவ்வொன்றையும் சற்றுப் பெரிதாக்கி, உள்ளே பழுதான நுரையைச் சுரண்டி, முதலில் கலவையை மட்டும் தடவி, பிறகு தடிப்பாக்கும் பொடி சேர்த்த கலவையால் நிரப்ப வேண்டும். மீண்டும் பொருள் பொருத்த வேண்டிய இடங்களிலும் இதே முறைதான்: நிரப்பி, இறுகவிட்டு, அதன் நடுவில் சரியான அளவில் புதிதாகத் துளையிட்டால் திருகாணி எபாக்சியைப் பிடித்து நிற்கும், நீர் நுரையைத் தொடாது. துளையின் வாயை லேசாகச் சரித்துவிட்டால் ஜெல்கோட் எனப்படும் வழவழப்பான மேற்பூச்சில் வெடிப்பு ஓடாது.

பின்பலகை மக்கியிருந்தால் வேலை பெரிது. ஒருபக்க ஃபைபர்கிளாஸ் தோலை வெட்டியெடுத்து, மக்கிய பிளைவுட்டை உளியால் முழுவதும் பெயர்த்து, கடற்பயன்பாட்டு பிளைவுட்டை இரண்டு அடுக்காகத் தடித்த எபாக்சியில் படுக்கவைத்து இறுக்கிப் பிடிக்க வேண்டும். மக்கிய மரத்தில் திரவத்தை ஊற்றி இறுகச் செய்யும் ‘மந்திரப் புட்டிகள்’ கடையில் விற்கின்றன. குடும்பத்தை ஏற்றிச் செல்லும் படகில் 300 இறாத்தல் எஞ்சினை அதன்மேல் தொங்கவிட நான் துணியமாட்டேன். தோலை மீண்டும் இணைக்கும்போது விளிம்பை நீண்ட சரிவாகத் தேய்க்க வேண்டும்: தடிப்பு ஒரு பங்கு என்றால் சரிவு பன்னிரண்டு பங்கு. துணியாக, தைத்து இணைத்த இருதிசை ஃபைபர்கிளாஸையே வாங்குங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் நறுக்கிழை விரிப்பின் பசை பெரும்பாலும் பாலியெஸ்டருக்கானது, எபாக்சியில் கரையாது.

மூன்று சிறு விதிகள் மிச்சம். தேய்ப்பதற்கு முன் அசிட்டோன் போன்ற கரைப்பானால் பழைய மெழுகைத் துடைத்துவிட வேண்டும், இல்லையேல் உப்புத்தாள் மெழுகை உள்ளே அழுத்திவிடும். இறுகிய எபாக்சியின்மேல் படியும் எண்ணெய்ப்பசை போன்ற படலத்தை வெறும் நீரால் கழுவிய பிறகே அடுத்த பூச்சுக்குத் தேய்க்க வேண்டும். குளிரில் வேலை செய்யக் கூடாது: மெதுவாக இறுகும் வகைக்குக் குறைந்தது 16 பாகை செல்சியஸ் வேண்டும். ஒன்ராறியோவில் இதன் பொருள், சூடேற்றாத கராஜில் அக்டோபரோடு கடையைக் கட்டிவிட வேண்டும் என்பதே.

மரவேலையைப் பற்றி ஒரு சொல். நாசெட், சகோனெட் மாதிரிகளில் உட்புறம் மஹோகனி மரம். அதைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துவந்தால் குளிர்காலம் முழுவதற்கும் கைவேலை கிடைத்துவிடும். பழைய வார்னிஷைச் சுரண்டி, முதல் பூச்சை நீர்க்கவிட்டு மரத்துக்குள் இறக்கி, பூச்சுகளுக்கிடையே லேசாகத் தேய்த்து ஏழெட்டுப் பூச்சு ஏற்றினால், சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்த பலகை தேன்நிறத்தில் விழித்தெழும். படகு வேலை முழுவதிலும் வீட்டில் உள்ளவர்கள் பாராட்டும் ஒரே பகுதி இதுதான்.

எஞ்சின், எரிபொருள், மின்சாரம்

பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்ட் எஞ்சினோடு படகு வந்தால், முதலில் அழுத்தச் சோதனை. எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, தீப்பொறி வராதபடி செய்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்துவைத்துச் சுழற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் அளவையும் குறித்துக்கொள்ள வேண்டும். அளவுகள் ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் அந்த எஞ்சினில் பணம் போடலாம். ஒரு சிலிண்டர் மட்டும் பெரிதும் தாழ்ந்திருந்தால் வேண்டாம். அடுத்து, கீழ்ப்பகுதிக் கியர் எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்க்க வேண்டும். பால்காப்பி நிறத்தில் வந்தால் சீல் வழியாக நீர் புகுந்திருக்கிறது.

ஓடக்கூடியது என்று தெரிந்தபின், தண்ணீர் இறைக்கும் இம்பெல்லரைக் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுங்கள். எரிபொருள் குழாய், கைப்பம்பு உருண்டை, தொட்டி ஆகியவற்றையும் புதிதாக்கிக் கார்புரேட்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலைப் பழைய ரப்பர் தாங்காது. எண்ணெய் கலவை பெரும்பாலான டூ ஸ்ட்ரோக்குகளில் லிட்டருக்கு 20 மில்லிலிட்டர். உங்கள் எஞ்சினின் கையேட்டைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். கையோடு தூக்கக்கூடிய தொட்டியை எப்போதும் படகிலிருந்து இறக்கித் தரையில் வைத்தே நிரப்ப வேண்டும், ஏனெனில் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; படகின் அடியில் தேங்கிவிடும்.

புதிய ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு மாறுவது வசதிதான்: சத்தம் குறைவு, எரிபொருளும் குறைவு. ஆனால் அதே சக்திக்கு அது பெரும்பாலும் கனமானது. இப்படகின் பின்பலகை தாழ்வானது. பின்புறம் கனம் கூடினால் வடிகால் துளைகள் நீர்மட்டத்துக்கு இறங்கும், திடீரென வேகத்தைக் குறைக்கும்போது பின்னால் வரும் அலை உள்ளே ஏறும். பேட்டரியையும் எரிபொருள் தொட்டியையும் ஓட்டும் மேசைக்கடியில் நகர்த்தி இதை ஈடுசெய்யலாம். படகில் பொறித்த தகட்டிலுள்ள சக்தி வரம்பையும் ஆள் வரம்பையும் மீறவே கூடாது.

மின்சாரத்தில் பழையதைக் காப்பாற்ற முயல வேண்டாம். எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, ஈயம் பூசிய செப்பு வயரால் புதிதாக இழுங்கள். பேட்டரியிலிருந்து ஏழு அங்குலத்துக்குள் முதன்மை ஃபியூஸ் இருக்க வேண்டும். வீட்டு மின்வேலைக்கான திருகு மூடிகள் படகின் அதிர்வில் கழன்றுவிடும். நசுக்கிப் பிடிக்கும் இணைப்பான்களே சரி. நீரிறைக்கும் பம்பு தானாக இயங்கும் மிதவைச் சுவிட்சோடு, ஃபியூஸ் வழியாக நேரே பேட்டரிக்கு இணைக்கப்பட வேண்டும்.

குடும்பத்துக்கான பொருத்துகள்

வர்ணத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசாததற்குக் காரணம், அதில் சொல்ல அதிகமில்லை. ஜெல்கோட் வெளிறியிருந்தால் மெருகுக்கூழால் தேய்த்து மெழுகிட்டாலே பாதி உயிர் வந்துவிடும். எபாக்சியால் நிரப்பிய இடங்கள் தெரியாதிருக்க வேண்டுமென்றால் பாலியூரிதேன் வர்ணத்தை உருளையால் ஏற்றித் தூரிகையால் நீவலாம். இரு கலவை வகையைத் தெளிப்பானால் அடிக்கத் தனிக் காற்று வசதியுள்ள முகக்கவசம் வேண்டும் என்பதால், வீட்டு கராஜில் அதை முயலாதீர்கள். பிள்ளைகள் நடக்கும் இடங்களில் வழுக்காத மணல்பூச்சு அவசியம்.

உண்மையில் செலவழிக்க வேண்டியது வேறு விடயங்களில். கைப்பிடிக் கம்பியின் ஒவ்வொரு காலையும் முழுப் பலத்தோடு இழுத்துப் பாருங்கள். பாட்டி அதைத்தான் பிடிப்பார். நீருக்குள் இருந்து ஏறக்கூடிய ஏணி ஒன்று எஞ்சினுக்குப் பக்கத்தில் வேண்டும். எஞ்சின் நின்று சாவி வெளியே வந்த பிறகே யாரும் அதன்வழி ஏறலாம். ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றை மணிக்கட்டில் மாட்டும் பழக்கம் முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்புச் சட்டை, 15 மீட்டர் மிதக்கும் எறிகயிறு, துடுப்பு அல்லது நங்கூரம், நீரள்ளும் பாத்திரம், தீயணைப்பான், ஊதல், கைவிளக்கு ஆகியவை படகில் இல்லாமல் கரையை விட்டு நகரக் கூடாது. எங்கள் வீட்டில் சட்டையைப் படகில் ஏறிய பிறகு போடும் வழக்கமில்லை. துறையில் கால் வைக்கும்போதே போட்டிருக்க வேண்டும். ஏப்ரலில்தான் பனி உடையும் ஏரியில், மே மாத வெயிலைப் பார்த்து நீரும் இளஞ்சூடாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

டிரெய்லரை மறப்பவர்களே நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்பவர்கள். சக்கர பேரிங்குகளைக் கழற்றிக் கிரீஸ் அடைத்து, டயரின் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கிலக்க எண்ணைப் பார்த்து, பழையதானால் தடம் புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். இப்படகின் எடை அடிப்பாகத்தின் நடுமுதுகில், டிரெய்லரின் உருளைகள்மேல் தங்க வேண்டும்.

முதல் இறக்கமும் முதல் குளிர்காலமும்

முதல்முறை குடும்பத்தை அழைத்துப்போகாதீர்கள். நீந்தத் தெரிந்த ஒரு நண்பரோடு, காற்றில்லாத காலையில், சிம்கோ ஏரியின் குக்ஸ் பே போன்ற ஆழங்குறைந்த குடாவில் கரையோரமாக ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். எஞ்சினின் பின்புறத்திலிருந்து, அதைக் குளிர்விக்கும் நீர் தாரையாக விடாமல் பீய்ச்சுகிறதா என்று பத்து நிமிடத்துக்கொரு முறை திரும்பிப் பாருங்கள். நிறுத்திவைத்துத் தரையிலும் பின்பலகை மூலைகளிலும் புதிய ஈரம் தெரிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பின்னோக்கி ஓட்டும்போது மிக மெதுவாகச் செல்லுங்கள். தாழ்ந்த பின்பலகையில் நீர் ஏறுவது எவ்வளவு எளிது என்பதை அன்றே தெரிந்துகொள்வது நல்லது.

வடிகால் தக்கையை மறந்து படகை இறக்காதவர்கள் குறைவு. நானும் ஒருமுறை இறக்கியிருக்கிறேன். கணுக்கால் நனைந்த பிறகே நினைவு வந்தது. ஒன்ராறியோவில் 2022 ஜனவரி முதல், அயல் உயிரினங்கள் ஏரிக்கு ஏரி பரவாதிருக்க, படகைச் சாலையில் கொண்டுசெல்லுமுன் தக்கையைக் கழற்றி நீரை வடித்துப் பாசியையும் நீக்கியிருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கும் தக்கை கழலும், மீண்டும் பூட்டப்பட வேண்டும். நான் அதைக் கார்ச் சாவி வளையத்தில் மாட்டிவிடுகிறேன்; தக்கையைப் பூட்டாமல் சாவியைச் சட்டைப்பையில் போட முடிவதில்லை.

அக்டோபர் முடிவில் எரிபொருளில் பதப்படுத்தும் திரவம் சேர்த்து எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, சிலிண்டர்களுக்குள் காப்பு எண்ணெய் தெளித்து, கியர் எண்ணெயை மாற்றிவிடுங்கள். எஞ்சினை நேராகத் தொங்கவிட்டால்தான் அதனுள் நீர் தங்காது. பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு, அணியத்தை உயர்த்தி, தக்கைகளைத் திறந்தே வைத்து, காற்றோடும்படி கூரைச்சரிவாகத் தார்ப்பாயைக் கட்ட வேண்டும். ஏப்ரலில் தார்ப்பாயைப் பிரித்ததும் படகை மறுபடியும் எடை மேடைக்குக் கொண்டுபோய், வரும் எண்ணைச் சென்ற ஆண்டின் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.